ஊசி ஏறிய பின் வரும் நாள்கள்
சிஸ்பிளாட்டின் சிகிச்சை பெறுவோரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

கீமோ சிகிச்சைக்குக் காலையில் வரும் நோயாளி பெரும்பாலும் மாலையிலேயே வீடு திரும்பிவிடுகிறார். சலைன் ஏற்றுதல், வாந்தித் தடுப்பு ஊசி, பின்னர் மருந்து, அதன்பின் மீண்டும் சலைன் என்று சில மணி நேரம் கழிகிறது. அந்நேரம் முழுவதும் செவிலியர் அருகிலேயே இருக்கிறார். அதன்பின் விழுப்புரம் பேருந்து நிலையம், திண்டிவனம் வண்டி, அங்கிருந்து ஒலக்கூருக்கோ மரக்காணத்திற்கோ மற்றொரு வண்டி. வீட்டை அடைந்ததும் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு மனைவியிடமோ மகளிடமோ மருமகளிடமோ வந்து சேர்கிறது.

மருந்தின் பக்கவிளைவுகள் பெரும்பாலும் இந்த வீட்டு நாள்களில்தான் தோன்றுகின்றன. ஆகவே மருத்துவமனையில் செலவிடும் ஒரு பகலைவிட, அடுத்து வரும் மூன்று வாரங்களுக்கே கூடுதல் விழிப்பு தேவைப்படுகிறது. இவ்விதழில் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்கிறோம். கருப்பை வாய்ப் புற்றுநோய், வாய் மற்றும் தொண்டைப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் முதலியவற்றிற்கு மிகப் பரவலாகத் தரப்படும் மருந்து இது. கதிர்வீச்சுச் சிகிச்சையுடன், அதாவது நம் பகுதியில் ‘கரண்ட் வைத்தல்’ என்று சொல்லப்படும் சிகிச்சையுடன், வாரம் ஒருமுறை செலுத்தப்படுவதும் பெரும்பாலும் இதுவே.

தண்ணீர் காப்பாற்றிய மருந்து

சிஸ்பிளாட்டின், பிளாட்டினம் என்னும் விலையுயர்ந்த உலோகத்தின் சேர்மம். 1845-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வேதியியலர் மிக்கேலே பெய்ரோனே இதனைத் தயாரித்துவிட்டார். ஆயினும் அது நோய் தீர்க்கும் என்று நூறாண்டுகளுக்கு மேல் எவரும் அறியவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்னும் அறிவியலர், மின்சாரம் பாய்ச்சினால் பாக்டீரியா எவ்வாறு வளர்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரியாமல் நூல்போல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அன்று; மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினமே என்பது பின்னர் தெரியவந்தது. 1965-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. செல் பிரிவதைத் தடுக்கும் பொருள், கட்டுப்பாடின்றிப் பிரியும் புற்றுச் செல்லையும் தடுக்கக்கூடும் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது.

1970-களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்கு இம்மருந்து தரப்பட்டபோது கட்டிகள் சுருங்கின. ஆனால் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. மருந்தையே கைவிட வேண்டிய நிலை நெருங்கியது. அதனைக் காப்பாற்றியது மிக எளிய ஒரு வழி. மருந்துக்கு முன்னும் பின்னும் ஏராளமான சலைன் ஏற்றினால் சிறுநீரகப் பாதிப்பு பெரிதும் குறைகிறது என்று மருத்துவர்கள் கண்டனர். 1978-இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுடன் இம்மருந்தையும் சேர்த்துத் தந்தால் உயிர் பிழைப்போர் கூடுகின்றனர் என்று ஐந்து ஆய்வுகள் காட்டியதை அடுத்து, 1999 பிப்ரவரியில் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகம் மருத்துவர்களுக்குச் சிறப்பு அறிவிப்பு வெளியிட்டது.

இந்த வரலாற்றை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. “மருந்து ஏறுவது சிறிது நேரம்தான், தண்ணீர் ஏறுவதற்குத்தான் இவ்வளவு நேரமா?” என்று உடன் வருவோர் கேட்பதுண்டு. கடைசிப் பேருந்தை நினைத்து, மீதமுள்ள சலைனை நிறுத்தச் சொல்வோரும் உண்டு. அந்தத் தண்ணீரும் மருந்தின் ஒரு பகுதியே. அது முழுமையாக ஏறும்வரை பொறுமை காக்க வேண்டுகிறோம்.

மருந்து ஏறும் நாளில்

ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பதும் இரத்தப் பரிசோதனை செய்வதும் வழக்கச் சடங்கு அல்ல. மருந்தின் அளவு உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. வெள்ளையணு, தட்டணு, கிரியாட்டினின் ஆகியவற்றின் அளவைப் பார்த்த பிறகே அன்றைய ஊசி உறுதி செய்யப்படுகிறது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவு. அது உயர்ந்திருந்தால் ஊசி தள்ளிப்போகலாம். வேறு மருந்துக்கு மாற வேண்டியும் வரலாம்.

மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடத்தில் எரிச்சல், வலி, வீக்கம் தோன்றினால் உடனே செவிலியரை அழையுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அவ்விடத்துத் தசையும் தோலும் பாதிக்கப்படலாம். முகம் வீங்குதல், உடல் அரிப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை ஒவ்வாமையின் அறிகுறிகள். முதல் சில ஊசிகளில் ஒன்றும் நேராதவருக்கும் பின்னர் அது வரலாம். “போன முறை சரியாகத்தானே இருந்தது” என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

வாந்தியைத் தடுக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவு உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவித்து, அந்த நாள்களில் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் அளவு: குடிக்கும் நீர்

வீட்டில் கணக்கு வைக்க வேண்டியவை இரண்டு. முதலாவது நீர்.

சிறுநீரகப் பாதிப்பு வலி தராது. முதுகு வலிக்கவில்லை, சிறுநீர் எரியவில்லை என்பதால் சிறுநீரகம் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. ஆகவே ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் நீராகாரம் அருந்துமாறு பொதுவாக அறிவுறுத்துகிறோம். இதய நோய் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்கும் இந்த அளவு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் குறித்துத் தரும் அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

“நிறையக் குடித்தேன்” என்பது அளவாகாது. காலையில் ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டில் காய்ச்சி ஆறிய நீரை நிரப்பித் தனியாக வையுங்கள். இரவு படுக்கும் முன் எத்தனை காலியாயிற்று என்று பாருங்கள். கஞ்சி, மோர், இரசம், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவையும் கணக்கில் சேரும். வாய், தொண்டைச் சிகிச்சையில் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கு, உடனிருப்பவரே நேரம் வைத்துக் குழாய் வழியே நீர் கொடுக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. கிரியாட்டினின் உயர்ந்தவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே அதனை அருந்தலாம்.

கத்திரி வெயில் காலத்தில் வியர்வையாகவே நீர் பெருமளவு வெளியேறிவிடும். ஊசி போட்ட வாரத்தில் களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் செல்ல வேண்டாம். வீட்டில் கழிப்பறை இல்லை என்பதாலோ, தூரப் பயணம் என்பதாலோ பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். இந்தச் சில நாள்களுக்காவது அந்தத் தயக்கத்தைக் குடும்பத்தார் புரிந்துகொண்டு, இரவிலும் எளிதில் சென்றுவர வசதி செய்து தர வேண்டும்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் நன்று. அடர்ந்த நிறத்தில், மிகக் குறைவாகப் போனாலோ, ஏழெட்டு மணி நேரமாகப் போகாமலே இருந்தாலோ உடனே தொலைபேசியில் அழையுங்கள்.

வாந்தி: இரண்டாம் மூன்றாம் நாள்

வாந்தியை மிகுதியாக உண்டாக்கும் மருந்துகளின் வரிசையில் சிஸ்பிளாட்டின் முன்னிற்கிறது. முதல் நாள் வாந்தி ஒருவகை. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைந்து ஐந்தாம் நாள் வரை நீடிக்கக்கூடியது இன்னொரு வகை. முதல் நாள் நலமாக இருந்தவர், “எனக்கு வாந்தி வரவில்லையே, எதற்கு இத்தனை மாத்திரை” என்று நிறுத்திவிடுகிறார். மறுநாள் வாந்தி தொடங்குகிறது. வாந்தி தொடங்கிவிட்டால் மாத்திரையும் வயிற்றில் தங்காது, நீரும் தங்காது, சிறுநீரகத்திற்கு வேண்டிய காப்பு அறுந்துபோகும். எனவே எழுதித் தந்த மாத்திரைகளை வாந்தி வருவதற்கு முன்பே, குறித்த நாள்கள் வரை விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இரவில் தரப்படும் ஓலான்சபின் மாத்திரை தூக்கம் தரும். அதை எடுத்தவர் இரவில் எழும்போது ஒருவர் துணையிருப்பது நல்லது.

குடித்த நீர் அரை நாளாகத் தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் சலைன் ஏற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது அளவு: உடல் வெப்பம்

கீமோ மருந்துகளால் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைகின்றன. பல மருந்துகளில் இக்குறைவு இரண்டாவது வாரத்தில் மிகும். சிஸ்பிளாட்டினில் மூன்றாவது வாரத்திலும் இருக்கலாம். அந்நேரத்தில் சிறு கிருமியும் சில மணி நேரத்தில் உயிருக்கு ஊறு விளைவிக்கும் தொற்றாக மாறிவிடும். எதிர்த்துப் போராட அணுக்கள் இல்லாததால் சீழோ வீக்கமோ தோன்றாமலும் இருக்கும். காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கை மணி.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் காட்டினால் அது அவசர நிலை. குளிர் நடுக்கம் இருந்தால் அளவு குறைவாகக் காட்டினாலும் அவசரமே. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுத்துவிடுவதுதான் எங்களை மிகவும் அஞ்ச வைக்கும் செயல். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்றை நிறுத்தாது. இத்தகைய நோயாளி வந்து சேர்ந்த 60 நிமிடங்களுக்குள் கிருமிக்கொல்லி ஊசியைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவமனைகள் பின்பற்றும் இலக்கு. மருத்துவமனையே நிமிடங்களை எண்ணும்போது, வீட்டில் ஓர் இரவைக் கழிப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள்.

நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் தொலைவிலுள்ள, சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும் என்பதில்லை. திண்டிவனம் பகுதியினர் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, விழுப்புரம், விக்கிரவாண்டிப் பகுதியினர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி எல்லையில் உள்ளோர் கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கோ, எது அருகிலோ அங்கே செல்லுங்கள். வண்டி இல்லையெனில் 108-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. அங்கே அவசரப் பிரிவில் சொல்ல வேண்டியது இதுதான்:

“இவர் புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டின் கீமோ எடுப்பவர். கடைசி ஊசி இந்தத் தேதியில் போட்டது. இப்போது காய்ச்சல் இவ்வளவு இருக்கிறது. வெள்ளையணு பார்க்க வேண்டும். சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஊசி வேண்டாம்.”

இதனை ஒரு தாளில் எழுதி, சிகிச்சைக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் வாய் தடுமாறினாலும் தாள் பேசிவிடும்.

தாமாகவே வாங்கக் கூடாதவை

மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாதாரணக் காய்ச்சலுக்கு ஊரில் சிலர் போட்டுவிடும் ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் சிறுநீரகத்தையும் காதையும் ஒருசேரத் தாக்கும். சிஸ்பிளாட்டினும் அதே இரண்டையும் தாக்குவது. இரண்டும் சேர்ந்தால் பாதிப்பு பன்மடங்காகும். மருந்து செலுத்தி எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனுக்குச் செல்லும்போதும் கீமோ எடுப்பதைச் சொல்ல வேண்டும்.

நாட்டு மருந்து, கசாயம், பொடி ஆகியவற்றை எடுப்பவர்கள் அதனை மறைக்க வேண்டாம். எவரும் கடிந்துகொள்ள மாட்டோம். வயல் ஓரங்களில் வளரும் ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. பச்சிலை என்பதால் தீங்கில்லை என்று கொள்ள முடியாது. சிகிச்சை முடியும்வரை அவற்றை நிறுத்தி வைப்பதே பாதுகாப்பு.

காதும் விரலும்

சிஸ்பிளாட்டின் காதின் உட்பகுதியில் உள்ள நுண் செல்களை அழிக்கக்கூடும். முதலில் மறைவது மிக மெல்லிய, உயர்ந்த ஒலிகள்: கொலுசுச் சத்தம், சில்வண்டின் ஒலி. பேச்சு கேட்பதால் நோயாளிக்கு இது தெரியாது. காதுக்குள் இடைவிடாத இரைச்சலும் முதல் அறிகுறியாகலாம். இழந்த கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. எனவே தொடக்கத்திலேயே தெரிவித்தால்தான் மருந்தின் அளவையோ வகையையோ மாற்ற இயலும்.

கால் விரல்களிலும் கை விரல்களிலும் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை ஊசிகளின் எண்ணிக்கை கூடக் கூட வரலாம். பூ கட்டும்போது நார் நழுவுதல், சட்டைப் பித்தானைப் போட முடியாமை, செருப்பு கழன்றதே தெரியாமை ஆகியவற்றைச் சிறு செய்தி என்று விட்டுவிடாதீர்கள். சிகிச்சை முடிந்த பின்னும் சில மாதங்கள் இது கூடிக்கொண்டே போகலாம். அக்காலத்தில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தொட வேண்டாம். தசைப்பிடிப்பும் நடுக்கமும் இருந்தால் மக்னீசியம் குறைந்திருக்கக்கூடும். இரத்தத்தில் பார்த்துச் சரிசெய்யலாம்.

முடியைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. சிஸ்பிளாட்டின் மட்டும் தரப்படும்போது முடி சற்றே மெலியலாம். முழுவதும் கொட்டுவது அரிது. உடன் பேக்ளிடாக்செல் போன்ற மருந்து சேரும்போது முழுவதும் கொட்டக்கூடும். சிகிச்சை முடிந்ததும் மீண்டும் வளரும்.

வீட்டில் உள்ளோரின் பாதுகாப்பு

புற்றுநோய் தொற்றாது. தட்டைத் தனியே வைப்பதும், பேரப்பிள்ளையை மடியில் அமரவிடாமல் தடுப்பதும் தேவையற்றவை. கவனிக்க வேண்டியது மருந்து வெளியேறும் கழிவுகளை மட்டுமே. ஊசிக்குப் பின் குறைந்தது 48 மணி நேரம் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்தின் கூறு இருக்கும். அவற்றைத் துப்புரவு செய்வோர் கையுறை அணிந்து, பின்னர் சோப்பால் கை கழுவ வேண்டும். கழிப்பறையைப் பயன்படுத்திய பின் இருமுறை நீர் ஊற்றுங்கள். கறைபட்ட துணியைத் தனியே துவையுங்கள். கருவுற்ற பெண்கள் இவ்வேலையைச் செய்யக் கூடாது.

சிகிச்சைக் காலத்திலும் அதன்பின் பல மாதங்களும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். இது ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. குழந்தை வேண்டும் என்று எண்ணும் இளம் வயதினர் முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

உணவு வீட்டில் அன்றன்று சமைத்துச் சூடாக உண்ணத்தக்கதாக இருக்கட்டும். வெள்ளையணு குறையும் வாரங்களில் பழைய சோறு, நாள்பட்ட கூழ், சாலையோரக் கரும்புச் சாறு, காய்ச்சாத பதநீர், வெட்டித் திறந்து வைத்த பழம் ஆகியவற்றைத் தவிர்க்கலாம்.

பொறுமை எதில் வேண்டும்

நம் பகுதி மக்கள் பொறுமைசாலிகள். “டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்”, “பிள்ளைகளுக்குச் சுமை வேண்டாம்”, “ஒருநாள் கூலி போய்விடும்” என்று எண்ணி வாந்தியையும் காய்ச்சலையும் உள்ளேயே அடக்கிக்கொள்கின்றனர். அடுத்த வாரம் வரும்போது கிரியாட்டினின் உயர்ந்திருக்கிறது, ஊசி தள்ளிப்போகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சு முழுவதும் எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும். அதனுடன் வாராந்திர ஊசி ஐந்தாவது கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பொறுத்துக்கொண்ட இரண்டு நாள் வாந்தி, குணமாகும் வாய்ப்பையே குறைத்துவிடக்கூடும்.

சலைன் முழுவதும் ஏறும்வரை படுத்திருப்பதில் பொறுமை காட்டுங்கள். காய்ச்சலிலும் வாந்தியிலும் பொறுமை வேண்டாம். உங்கள் சிகிச்சைச் சீட்டின் மேற்பகுதியில் எழுதப்பட்டுள்ள எண்ணை வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இரவு இரண்டு மணியானாலும் அழைக்கலாம். ஒன்றுமில்லாத செய்திக்கு அழைத்துவிட்டோமோ என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. அப்படிப்பட்ட அழைப்புகளே எங்களுக்கு மகிழ்ச்சி தருவன.

அடுத்த ஊசிக்கு வரும்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். தேதி, குடித்த நீர், உடல் வெப்பம், வாந்தி எத்தனை முறை, காதிலும் விரலிலும் மாற்றம் உண்டா என்ற ஐந்து பத்திகள் போதும். பள்ளி செல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பொறுப்பை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.